ஓதம்

ஐப்பசி பிறந்த நாலாம் நாள்
வேதாளை வீட்டிலிருந்து பிரிஸ்கில்லா அழைத்தார்.
"சார், இப்ப மூணு வாளி.
ஒண்ணு கட்டில் மேலயே இருக்கு."
குரலில் கோபம் இல்லை.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்ப்பவர்,
அவசரத்தையும் மெதுவாகச் சொல்லப் பழகியவர்.
கோபப்பட்டிருந்தால்
எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

வாடகை அஞ்சாம் தேதி வந்துவிடும்,
மழை வந்தாலும் வராவிட்டாலும்.

முதலில் உச்சிப்புளி தவசிமுத்து.
மாடியில் ஏறாமல் அண்ணாந்து பார்த்தே
எட்டாயிரம் முன்பணம் என்றார்.
சிமெண்ட் வாங்கப் போனவர்
இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.
மகளுக்குச் சடங்கு என்று பிறகு கேள்விப்பட்டேன்.
அந்தப் பந்தலின் ஏதோ ஒரு மூலையில்
என் பணமும் வண்ண விளக்காக எரிந்திருக்கும்.

அடுத்தது ராமநாதபுரத்துக் கம்பெனி.
வழுவழு அட்டை, பத்து வருட உத்தரவாதம்,
இரண்டு பையன்கள், ஒரு உருளை பிரஷ்.
அரை நாளில் மொட்டைமாடி வெள்ளையானது,
கொக்கு ஏமாந்து இறங்கும் அளவுக்கு.
பத்து வருடம்
பதினோரு நாளில் முடிந்தது.
கொண்டல் அடித்த இரவில்
வாளியில் விழுந்த பால்நிறத் தண்ணீரைப்
படமெடுத்து அனுப்பினார் பிரிஸ்கில்லா.
கீழே ஒரே வரி:
"பெயிண்ட் நல்லா கலந்திருக்காங்க சார்."

நம்பிக்கையான ஆள் யாராவது?
டீக்கடையில் கேட்டேன், ஐஸ் கம்பெனியில் கேட்டேன்,
பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்டேன்.
ஆளுக்கொரு மச்சானைக் காட்டினார்கள்.

நாகூர்கனியை யாரும் காட்டவில்லை.
எதிர்வீட்டில் குழாய் மாட்ட வந்தவர்,
வாளிச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர்.
பணம் பேசவில்லை.
செருப்பைக் கழற்றி ஸ்டூலில் ஏறி
சுத்தியலின் மரப்பிடியால்
கூரையைத் தட்டிக்கொண்டே போனார்.
டக். டக். டக்.
ஓரிடத்தில் பொத்.
காதைச் சாய்த்து இன்னொருமுறை தட்டி
சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்.
மாதா படத்துக்கு மேலே ஒன்று,
டியூப்லைட்டை ஒட்டி இரண்டு,
தொட்டில் கொக்கியைச் சுற்றிப் பெரிதாக ஒன்று.
பிரிஸ்கில்லா யாரையும் கேட்காமல்
குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொட்டிலை அவிழ்த்தார்.

வட்டத்தைக் கொத்தியதும் கொட்டிய காரையில்
ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார் நாகூர்கனி.
துப்பவில்லை.
"நீங்களும் பாருங்க" என்று நீட்டினார்.
கரித்தது.

"கடல் மண்ணு. கழுவாம போட்ருக்கு.
கம்பியெல்லாம் துருவேறி வீங்கிருச்சு.
மேல என்னத்தப் பூசுனாலும்
உள்ள இருக்கற ஓதம் விடாது.
யாரு கட்டுனது?"

கரையில் ஏறினாலும் ஓதம்,
சுவரில் ஏறினாலும் ஓதம்.
இந்த ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர்.
தெரியாது, வாங்கும்போதே இப்படித்தான் என்று
சொல்ல ஒரு வாய் இருந்தது.
அதில் உப்பு இருந்தது.

ஆற்று மணல் லோடு விலை ஏறியிருந்த மாசி மாதம்.
விளக்கை அணைத்துக்கொண்டு வந்த இரண்டு டிராக்டர்.
சல்லடையில் சிப்பிகள் கிலுகிலுத்தன.
கொத்தனார் அப்போதே வேண்டாம் என்றார்.
வாடகை வீடுதானே என்றேன்.

"நான்தான்" என்றேன்.

நாகூர்கனி முகம் மாறவில்லை.
"ஒட்டுப்போட்டுக் காசு வாங்க எனக்கு ஆகாது.
தை பொறக்கட்டும், தளத்தை இறக்கிருவோம்.
அதுவரைக்கும் இவங்கள வேற எடத்துல வைங்க."
ஸ்டூலைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தார்.
இரண்டு மாதம் தேடிய ஆள்
வேலையை மறுத்துவிட்டு
வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

பிரிஸ்கில்லாவிடம் சொன்னேன்:
ராமநாதபுரத்தில் என் வீட்டு மாடியறை
காலியாகத்தான் கிடக்கிறது.
மகன் மஸ்கட்டில். வாடகை வேண்டாம்.

அவர் வட்டங்களை அண்ணாந்து பார்த்தார்.
"அந்த ரூம் ஒழுகாதே சார்?"

ஒழுகாது என்றேன்.
அதே வருடம் கட்டியதுதான்.
அது ஆற்று மணல்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு
நிறைந்திருந்த வாளியை
வெளியே ஊற்றப் போனார்.